ஐம்பத்தெட்டு அங்குல மார்பு

மிலான் நகரக் குளிரில் முதியோரைப் பராமரித்து இங்கே எங்களையும் தாங்கும் மதிப்பிற்குரிய அக்கா பெர்லிடாவுக்கு,

பிலிப்பைன்ஸ், இலோய்லோவிலிருந்து தம்பி கிறிசாந்தோ பணிவோடு எழுதுவது. நானும் டெலியாவும் நலம். மகன் அர்னெலும் நலம். அதாவது திங்கட்கிழமை நலமாக இல்லை, இப்போது நலம் என்றுதான் நினைக்கிறோம். தாங்கள் அனுப்பிய பெட்டி பழுதில்லாமல் வந்தது. சோப்பும் சாக்லேட்டும் அருமை. அந்தப் போர்வீரன் பொம்மையைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அர்னெல் இரண்டு நாள் அதோடு விளையாடினான். மூன்றாம் நாள் டெலியாவின் தையல் நாடாவை எடுத்து முதலில் பொம்மையை அளந்தான், பிறகு தன்னை அளந்தான். நான் பள்ளிக்கூட குமாஸ்தா, கணக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? "இப்படி ஒரு மனுஷன் உலகத்துலயே இருக்க முடியாதுடா, பாரு" என்று காட்டத்தான், அந்தப் பொம்மை என் உயரத்துக்கு வளர்ந்தால் என்ன அளவு வரும் என்று ஒரு தாளில் போட்டுக் கொடுத்தேன். மார்பு ஐம்பத்தெட்டு அங்குலம். புஜம் இருபத்தாறு. பதினொரு வயதுப் பிள்ளை, அவன் இடுப்பே இருபத்து நான்குதான் அக்கா! சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் அந்தத் தாளைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி, ஓரத்தில் "டிசம்பருக்குள்" என்று எழுதிவிட்டான்.

அன்றிலிருந்து சோறு கிடையாது, முட்டைதான். நாளைக்கு ஆறு. சட்டை போடாத சினிமா நாயகர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்களாம், வீடியோவில் யாரோ சொன்னானாம். டெலியா சோறும் கருவாடும் வைத்த தட்டோடு வீடு முழுக்க அவன் பின்னால் அலைந்தாள். குடிதண்ணீர் கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகுகிறேன் என்று என் கால்மேல் போட்டான். இத்தனைக்கும் நடுவில், கொளுத்தும் வெயிலில், பள்ளியில் திங்கட்கிழமைக் கொடியேற்றத்தின்போது தொப்பென்று மயங்கி விழுந்தான்.

சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நர்ஸ் சட்டையைக் கழற்றினார். உள்ளே இன்னொரு சட்டை. அதற்குள்ளே இன்னொன்று. அதற்கும் உள்ளே இரண்டு தோளிலும் மடித்து வைத்த துண்டுகள். "என்ன சார், பிள்ளையா வெங்காயமா?" என்றார் நர்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் அக்கா. கண்விழித்த அர்னெல் இரண்டு கையாலும் மார்பெலும்பை மறைத்துக்கொண்டான்.

"பாக்காதீங்கப்பா."

"நான் உன் அப்பாடா, என்கிட்ட என்ன வெக்கம்?"

"நீங்கதானே ஒட்டடக்குச்சின்னு கூப்பிடுவீங்க? பாஸ்கெட்பால் ஆடுறப்ப, எல்லாப் பசங்களும் இருக்கும்போது."

அது செல்லமாகக் கூப்பிடுவது, உனக்குத் தெரியாதா அக்கா? வீட்டுக்கு வந்து டெலியாவிடம் சொன்னேன்: "எங்கப்பா என்னைப் பூசணின்னு கூப்பிடலையா? நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"கெடலதான். ஆனா இன்னைக்கும் போட்டோ எடுக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வயித்த உள்ள இழுக்குறீங்களே, அது எதுக்காம்?"

பொம்மையைக் குறை சொல்வதா, நம் அப்பாவையா, என்னையா, அல்லது பெட்டி அனுப்பிய உன்னையா என்று இன்னும் விளங்கவில்லை. மறுநாள் பட்சோய் நூடுல்ஸ் சூப் கடைக்குக் கூட்டிப்போய், "இனிமே அப்படிக் கூப்பிட மாட்டேன்டா" என்றேன். அவன் கிண்ணத்திலிருந்த சூப்பைச் சொட்டு விடாமல் குடித்தான். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைத் தானே கிழித்துப் போட்டான்.

ஆகவே பிரச்சினை அடியோடு தீர்ந்தது. இனிமேல் பெட்டியில் ஒரு பந்து மட்டும் வை, போதும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நம் ஹாரோ தேவாலயத்து மாதா உன் கூடவே நடக்கட்டும்.

அன்புத் தம்பி,
கிறிசாந்தோ

பி.கு.: உறையை ஒட்டும் முன் அவன் அறையை எட்டிப் பார்த்தேன். தாள் இருந்த இடத்தில் ஏதோ பாட்டுக் குழுவின் படம். ஏழு பையன்கள், எல்லாரும் ஊதினால் பறந்துவிடுவார்கள் போலிருக்கிறது. அர்னெல் கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் மூஞ்சி ரொம்ப உருண்டையா இருக்குப்பா" என்றான். "நீ இப்படி இருக்கறதே அழகுடா" என்றேன். "சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதீங்க" என்கிறான். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் எழுது.