பெரியப்பாவை இறக்கினால் பிக்கப் கூடும்

அரைகுறையாகத் தெரிந்த பௌதிகம் குடும்பத்துக்கு ஆகாது. முழுசாகத் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவான். ஒன்றுமே தெரியாதவனும் எப்படியோ ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடுவான். என்னைப் போல நடுவில் மாட்டிக்கொண்டவன்தான் நல்லபடியாகக் கூடிவந்த கல்யாணத்தைக் கெடுத்துக்கொள்வான்.

நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அங்கேயே வீடு. (வீடு என்றால் மொட்டை மாடியில் ஒரு ரூம், ஒரு தோசைக்கல், ஒரு ஆள்.) இது நடந்தபோதே எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்கு மேல் பையனுக்குப் பெண் கிடைப்பது, போர் போட்டுத் தண்ணீர் வருகிற மாதிரி. வந்தால் வரும், இல்லாவிட்டால் புழுதிதான். எனக்குப் பல வருசமாகப் புழுதி.

சாயங்காலம் ஆபீஸ் விட்டால் பேச ஆள் கிடையாது. அதனால் போனில் கார் வீடியோவாகப் பார்ப்பேன். அதில் பேசுகிறவன் எடுத்த எடுப்பில் "வணக்கம் நண்பா" என்பான். நாள் முழுக்க என்னை நண்பா என்று கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான். அந்த நன்றிக்காகவே அவன் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். இஞ்சினின் சக்தியை வண்டியின் மொத்த எடையால் வகுக்க வேண்டும். வருகிற விடை பெரிதாக இருந்தால் வண்டி பறக்கும், சிறிதாக இருந்தால் முனகும். டயரில் காற்று குறைந்தாலும், ஏசி ஓடினாலும், மேடு வந்தாலும் இழுவை குறையும். இவ்வளவுதான் விசயம். இதை வைத்துக்கொண்டு ஆபீஸ் வாட்ச்மேனுக்குக்கூட வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர் அடுத்த வாரத்திலிருந்து நைட் டூட்டிக்கு மாறிக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. போர் போடுகிற ரிக் லாரி வைத்திருக்கிற குடும்பம். பெண் பெயர் கோகிலா. மலைக்கோயிலில் வைத்து இரண்டு வீட்டாரும் பார்த்துக்கொள்வது, பிடித்திருந்தால் அங்கேயே பூ வைத்துவிடுவது என்று பேச்சு. ராகு காலத்துக்கு முன்னால் மேலே இருக்க வேண்டும் என்று தரகர் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் ராத்திரி தூங்கவே இல்லை. நானும்தான்.

என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்னக் கார். அதில் என் பக்கத்தில் பெரியப்பா, பின்னால் அம்மாவும் அக்காவும், அக்கா மடியில் பழத்தட்டு. பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டியே அந்தப் பக்கமாகச் சாய்ந்து கும்பிடு போடும். கேட்டால் "எனக்கு எலும்பு கனம்டா" என்பார்.

அடிவாரத்தில் ஒரு சரிவில் நிறுத்திப் பூ வாங்கினோம். நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளப்பினேன். மலைப்பாதை ஆரம்பித்ததும் வண்டி முக்கியது. முதல் கியரில் போட்டாலும் எருமை தண்ணீரைவிட்டு எழுந்திருக்கிற மாதிரி நகர்ந்தது. பின்னால் வந்த கோயில் பஸ் ஹாரன் அடித்து எங்களை ஓரங்கட்டிவிட்டுப் போனது. (பஸ் முழுக்க ஆள்.)

ஏசியை நிறுத்தினேன். சித்திரை வெயில். அக்காவின் பவுடர் கழுத்துக்கு இறங்கியது.

"ஏண்டா, வண்டி இப்படி ஏங்குது?" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, இஞ்சின் சக்தியை மொத்த எடையால வகுக்கணும். எடை எச்சாப் போனா இழுக்காது."

"என்னத்த வேணா வகுத்துக்க. நான் எறங்க மாட்டேன். எனக்கு முட்டி வலி."

முதல் வளைவில் இறங்கினார். வாட்ச்சைக் காட்டி, ராகு காலத்தைக் காட்டி, என் வயதையும் காட்டித்தான் இறக்க முடிந்தது. அவர் இறங்கியதும் வண்டி கொஞ்சம் எழும்பியது. ஆகா! கணக்கு சரியாகத்தான் இருக்கிறது! அந்தச் சந்தோசத்தில் அடுத்த வளைவில் அக்காவையும் பழத்தட்டையும் இறக்கினேன். "பொண்ணு பாக்கப் போறயா, பாரம் எறக்கப் போறயாடா?" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள்.

அதற்கடுத்த வளைவில் வண்டி மறுபடியும் முனகியது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு என்ன எடை இருக்கும், கோழிக்குஞ்சு மாதிரி இருப்பாள். ஆனாலும் நான் மனசுக்குள் வகுத்துக்கொண்டுதான் இருந்தேன். என் முகத்தைப் பார்த்த அம்மா தானாகவே கதவைத் திறந்தாள்.

"நீ போ சாமி. அவங்க காத்திருப்பாங்க. நான் மெதுவா வாரேன்."

போனேன். கண்ணாடியில் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போனாள்.

மேலே பெண் வீட்டார் பெரிய கூட்டமாக நின்றிருந்தார்கள். நான் ஒற்றை ஆளாக இறங்கினேன். அத்தனை பேரும் எனக்குப் பின்னால் வண்டிக்குள் குனிந்து பார்த்தார்கள். உள்ளே யாராவது இருந்தால்தானே!

"ஏனுங்க, ஒறம்பரை சனமெல்லாம் வர்லீங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"வர்றாங்க. வழியில எறங்கியிருக்காங்க."

"எதுக்குங்க?"

"வெயிட்டுங்க" என்றேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோகிலாவைப் பார்த்ததும் எனக்குப் பேச வேண்டும் போல இருந்தது. எத்தனையோ நாளாக யாரிடமும் பேசாத பேச்சு. அழகாக இருந்தாள், அதைச் சொல்லியிருக்கலாம். நான் சக்தியை எடையால் வகுத்தேன். டயர் காற்று, ஏசி, மேடு என்று வரிசையாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"கருகுன வாசம் வருதுங்களே. ஹேண்ட் பிரேக்க முழுசா எறக்குனீங்களா?"

அவள் அப்பா கதவைத் திறந்து பார்த்தார். பாதிக்கு இழுத்தபடியே இருந்தது. பூ வாங்க நிறுத்தியபோது போட்டது. அதற்கான சிவப்பு விளக்கு போன வருசமே எரியாமல் போய்விட்டது. (எரிந்திருந்தால் மட்டும் நான் பார்த்திருப்பேனா என்ன!)

"அட கெரகமே!" என்று தலையில் கை வைத்தார். கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்த பெண்ணின் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, வழியில் நிற்கிறவர்களை ஏற்றி வரச் சொன்னார். சித்தப்பாவின் வண்டி வந்தது. என் காரேதான், அதே மாடல். அதற்குள் சித்தப்பா, சித்தி, பெரியப்பா, அக்கா, அம்மா, பழத்தட்டு. கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி வேறு ஓடியது. கடைசி மேட்டில் குலுங்காமல் ஏறி வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. பெரியப்பா இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நானும் இதுலதானுங்க வந்தேன்!" என்றார். சிரிப்பில் கோயில் புறாக்கள் கிளம்பின.

அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. பூ வைக்கவில்லை. ரெண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார்.

"பையன் தங்கமான பையன்தானுங்களாம். ஆனாப் புள்ள ஒண்ணு கேக்குதுங்க. ஒரு மேட்டுக்கே பெத்த தாயி மொதக்கொண்டு எறக்கி உட்டவரு, நாளைக்கு என்னைய எந்த மேட்டுல எறக்குவாருன்னு கேக்குதுங்க."

போனை வைத்தேன். ரூமுக்குப் போய்த் தோசை ஊற்றினேன். சாப்பிடும்போது அழுகை வந்தது. ஆள் இல்லாத ரூமில் அழுவதில் ஒரு சவுகரியம், சத்தமாகவே அழலாம்.

அதற்கப்புறம் வேறு ஜாதகம் பொருந்தவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கல்யாணமோ காதுகுத்தோ, யார் வண்டி பாலத்தில் ஏறினாலும் உள்ளே ஒருத்தர் "நான் எறங்கிக்கட்டுங்களா?" என்பார், வண்டியே குலுங்கும். நானும் சிரிப்பேன். ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி வாங்கிவிட்டேன். நல்ல இஞ்சின். ஞாயிற்றுக்கிழமை தனியாக நாமக்கல் ரோட்டில் விட்டால் அம்பு மாதிரி போகிறது. ஆறு சீட் காலியாக இருந்தால் எந்த வண்டியும் போகும்.

அம்மா இப்போது ஈரோட்டில் அக்கா வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு அதே மலைக்குப் போனேன். முதல் வளைவு வந்தது. அம்மா கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"இங்க எறங்கிக்கட்டுமா சாமி? நீ மேல போயிக் கும்பிட்டுட்டு வா. நான் இப்படி நெழல்ல உக்காந்திருக்கறேன்."

கேலியா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் பையைக்கூட மடியில் எடுத்து வைத்திருந்தாள்.

"உக்காரும்மா" என்றேன். கதவுகளைப் பூட்டிவிட்டு வளைவில் ஏறினேன்.