கட்டுப் போட்ட கையெழுத்து

கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று உலகத்தில் ஒரு ரகம் உண்டு. அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்கள் என்று இன்னொரு ரகம் உண்டு. இந்த இரண்டு ரகமும் ஒன்றையொன்று நேரில் பார்க்காதபடி நடுவில் உட்கார்ந்து, ஒரு கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையும் மறு கையில் கைப்பேசியுமாக, பிரபலங்களின் கையெழுத்தை இணையத்தில் விற்றுக்கொண்டிருக்கும் மூன்றாவது ரகத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன். இவரை நீங்கள் நேரில் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய விருப்பமும் அதுதான்.

இவருக்கு ஒரு மாமா இருப்பார். மாமா இல்லாமல் யாரும் இந்தத் தொழிலில் இறங்குவதில்லை. அந்த மாமா ஏதோ ஒரு கால்பந்து கிளப்பில் சட்டை துவைத்தவராகவோ, ஆட்டக்காரர்களின் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்தவராகவோ, அணியின் பஸ்ஸை ஓட்டியவராகவோ இருந்து, எல்லா ஆட்டக்காரர்களாலும் சொந்தத் தகப்பனைப்போல் நேசிக்கப்பட்டு, கடைசி மூச்சை விடும்போது மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை மட்டும் வித்துடாதேடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர். மருமகன் அடுத்த வாரமே விற்கிறார். அழுதுகொண்டே விற்கிறார். போன வருஷம் ஒரு பந்தை விற்பதற்காகச் செத்த அதே மாமா, இந்த வருஷம் ஒரு சட்டைக்காக மறுபடி செத்திருக்கிறார் என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னால், "அது அம்மா வழி மாமா, இது அப்பாவோட மச்சான்" என்று பதில் வரும்.

படங்களைப் பாருங்கள். சட்டை மங்கலாக இருக்கும். கையெழுத்தின்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து பாதி மறைந்திருக்கும். சான்றிதழ் மட்டும் துடைத்து வைத்த கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். தங்க நிற ஓரம், மினுக்குகிற ஒட்டுவில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முத்திரை. யார் கொடுத்த சான்றிதழ்? அவரே கொடுத்தது. இது அசல்தான் என்று அவரே எழுதி, அவரே முத்திரை குத்தி, அடியில் அவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவரிடம் இருக்கும் சரக்கிலேயே அந்த ஒரு கையெழுத்து மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அசல்.

மொத்த அணியும் கையெழுத்திட்ட சட்டை என்று ஒன்று வைத்திருப்பார். அதை உற்றுப் பார்த்தால், கோல்கீப்பரிலிருந்து பயிற்சியாளர்வரை அத்தனை பேரும் ஒரே டீச்சரிடம் எழுதப் படித்து, ஒரே பேனாவை வரிசையில் நின்று வாங்கி, ஒரே அவசரத்தில் எழுதியதுபோலத் தெரியும். கறுப்பு வெள்ளைக் காலத்து ஆட்டக்காரர், தான் செத்த பிறகு கடைக்கு வந்த பளபள மையில் கையெழுத்துப் போட்டிருப்பார். சட்டையின் மார்பில் இருக்கும் விளம்பரக் கம்பெனி, அந்த ஆட்டக்காரர் ஓய்வு பெற்றபோது பிறந்தே இருக்காது.

சரி, ஒரு கேள்வி கேட்டுத்தான் பார்ப்போமே என்று நீங்கள் இறங்கினால் இப்படிப் போகும்.

"கிட்ட வச்சு எடுத்த படம் ஒண்ணு அனுப்ப முடியுமா?"

"சகோ, நீங்க நெஜமாவே அந்த கிளப் ரசிகர்தானா?"

"ஆமா. எதுக்குக் கேக்கறீங்க?"

"நெஜ ரசிகருக்குப் பாத்ததுமே உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லும் சகோ. படமெல்லாம் கேக்க மாட்டாங்க. பரவால்ல விடுங்க, சாயங்காலம் ஒருத்தர் வந்து எடுத்துக்கறேன்னிருக்கார். இருக்கறதே ஒரே ஒரு பீஸ். வேணும்னா இந்தத் தளத்துல வேணாம், வெளில பேசிக்கலாம்."

அந்த ஒரே ஒரு பீஸ் மறுநாள் காலையிலும் இருக்கும். அதற்கு அடுத்த நாளும். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் இன்னும் வந்துகொண்டே இருப்பார்.

இவ்வளவு தெரிந்த பிறகு யாராவது ஏமாறுவார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இத்தனையையும் ஒன்று விடாமல் என் மைத்துனன் துலியோவிடம் உட்கார வைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். வீட்டுக்குப் போய்ச் சட்டையை வாங்கிவிட்டான்.

அவனைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. எங்கள் பேட்டைக் கிளப்பான எஸ்த்ரெஷா, மொன்டெவிடியோவின் பெரிய அணிகள் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லாத கிளப். அப்படிப்பட்ட எங்களுக்கும் ஒரே ஒரு நாள் வாய்த்தது. சுர்தோ பெராசா கார்னரிலிருந்து உதைத்த பந்து யார் மேலும் படாமல் அப்படியே வளைந்து நேராக வலைக்குள் விழுந்து, ஒரு பெரிய அணியை மண்ணைக் கவ்வ வைத்த நாள். பெற்றோர் வைத்த பெயர் மில்த்தோன். ஆனால் எங்கள் ஊரில் யாரைத்தான் சொந்தப் பெயரில் கூப்பிட்டோம்? இடதுக்காரன் என்று பொருள்படும் சுர்தோ என்ற பட்டப்பெயர்தான் ஆளுக்கும் நிலைத்தது, கல்லறைக்கும் நிலைத்தது.

எங்கள் மைதானத்தில் அப்போது நாலு வரிசைப் பலகைதான் கேலரி. அதில் அன்று உட்கார்ந்து அந்தக் கோலைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களை இப்போது கூட்டி வைத்தால் நாட்டின் பெரிய மைதானமே போதாது. ஞாயிறு தோறும் கிளப் கேன்டீன் மேஜையில் அந்தக் கோல் மறுபடி விழும். ஆளாளுக்கு ஒரு விவரம் சேர்ப்பார்கள். துலியோவால் மட்டும் ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. அன்று அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடையைச் சுற்றித் துணி கட்டி வீட்டில் படுத்திருந்தான். அப்படிப் படுத்திருந்ததில் தப்பில்லை. அதை வெளியே சொன்னதுதான் அவன் செய்த தப்பு. கோல் பேச்சு ஆரம்பித்ததும் மேஜையின் தலைவர்போல் நடந்துகொள்ளும் அன்செல்மோ தவறாமல் சொல்வார்: "துலியோ, இது பாத்தவங்க பேசற பேச்சு. நீ போய் ஐஸ் எடுத்துட்டு வா." அவனும் எழுந்து போவான். அறுபது வயசு தாண்டிய மனுஷன், அரை நூற்றாண்டாக அந்த ஒரு கோலுக்காக ஐஸ் தூக்குகிறான். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

அப்படிப்பட்டவன் கண்ணில்தான் லிபெர் ஒலாசா என்பவரின் விளம்பரம் பட்டது. அந்தக் கோல் அடித்த அன்று சுர்தோ போட்டிருந்த சட்டை, அவரே கையெழுத்திட்டது. மாமா பூட்ஸுக்கு மெழுகு தேய்த்தவர். இந்தச் சட்டையைக் கேன்டீன் சுவரில் மாட்டிவிட்டால், அதற்கப்புறம் துலியோ பெயரைச் சொல்லாமல் யாரும் அந்தக் கோலைப் பேச முடியாது. அவன் கணக்கு அதுதான். சட்டையில் இருந்த கையெழுத்து ஓரமெல்லாம் தேய்ந்து கறையாக இருந்ததை நான் சுட்டிக்காட்டியதும், எனக்கு ஒரு வீடியோவைப் போட்டுக் காண்பித்தான். அதில் லிபெர் ஒரு தாளில் இடது கையால் எழுதிக் காண்பித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க சகோ, நொட்டாங்கைக்காரங்க எழுதினா கை பின்னாலயே வந்து ஈர மையைத் தேச்சுக்கிட்டே போகும். சும்மாவா சுர்தோன்னு பேரு? போலி பண்றவன் அழகா எழுதுவான். அசல்தான் தேயும்."

எங்கள் பேட்டைக்காரனை விழவைக்க இதைவிட நல்ல வலை கிடையாது. அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். மாமாவைச் சந்தேகப்பட்டேன், சான்றிதழைச் சந்தேகப்பட்டேன், அந்தத் தேய்ந்த கறையை மட்டும் நானும் நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. சட்டையின்மேல் கிளப் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். பொரித்த ரொட்டி தட்டுத்தட்டாக வந்தது. துலியோ கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான் போட முடியாமல் திறந்துவிட்டிருந்தான். கொடியை விலக்குவதற்கு மூன்று தெரு தள்ளி இருக்கும் சுர்தோவின் மனைவி எலிதாவை அழைத்திருந்தான். காய்கறிக் கடையில் தினமும் பார்க்கிற பெண்மணி. சட்டையை வாங்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அவனுக்கும் தோன்றவில்லை, இவ்வளவு பேசுகிற எனக்கும் தோன்றவில்லை.

எலிதா கொடியை விலக்கினார். எல்லோரும் கை தட்டினோம். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

"சுர்தோதாங்கக்கா," என்றான் துலியோ. "பாருங்க, நொட்டாங்கையால போட்டது எப்படித் தேஞ்சிருக்குன்னு."

"எந்தக் கையால?"

"நொட்டாங்கை."

எலிதா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அட கூறுகெட்டவனுங்களா. அந்த மனுஷனுக்குக் கால்தான்டா இடது. கை வலது. நொட்டாங்கையில ஒரு மாத்தே குடுத்தா சட்டையெல்லாம் கொட்டிக்குவாரு. நெஜமா எழுதறதே அபூர்வம். படத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு வாசல்ல வந்து நிப்பீங்களே, அப்ப அவரு உள்ள தூங்கிக்கிட்டிருப்பாரு. அடுப்படி மேஜைல வச்சு நான்தான் போட்டுக் குடுப்பேன்."

அன்செல்மோ தன் தலைக்குமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய படத்தை மெல்லத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக் கூடத்திலும் அதே மாதிரி ஒன்று தொங்குகிறது. துலியோவின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் எலிதாவுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது, அவன் முதுகைத் தட்டினார்.

"அப்போ இதுலயும் நீங்களே ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்கக்கா," என்றான் அவன்.

"வேணாம் தம்பி. ஒரே சட்டைல ரெண்டு பொய் எதுக்கு?" என்று சொல்லி, இரண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார்.

அவர் வாசல் தாண்டியதுதான் தாமதம், அன்செல்மோ ஆரம்பித்துவிட்டார். "துலியோ, ஐஸ்."

துலியோ போகவில்லை. கைப்பேசியை எடுத்து லிபெரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தான். நடந்ததைச் சொன்னான். வேறு யாராவது என்றால் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். இந்த ரகம் அதைச் செய்யாது.

"அந்தம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி சகோ," என்றார் லிபெர். "வலது கைக்காரர்தான். ஆனா அன்னிக்கு மேட்ச்ல வலது கைல அடி, கட்டுப் போட்டிருந்தார். அதான் நொட்டாங்கைல போட்டார். உலகத்துலயே அவர் நொட்டாங்கைல போட்ட ஒரே கையெழுத்து உங்ககிட்டதான் இருக்கு. நான் விலையைக் கம்மியாச் சொல்லிட்டேன்."

"நொட்டாங்கைக்காரர்னு சொன்னீங்களே?"

"எல்லாத்தையும் முதல்லயே சொல்லிட்டா ரசிகருக்குன்னு என்ன மிச்சம் இருக்கும் சகோ?"

துலியோ கைப்பேசியை அணைத்தான். இனி அவன் இந்த மேஜைப் பக்கமே வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். கோட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தான். அப்போது மேஜையின் மறுமுனையிலிருந்து வால்தெர் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அவன் சொல்றதும்... கைல என்னமோ வெள்ளையாச் சுத்தியிருந்தாப்ல இல்ல?"

"இருந்துச்சு," என்றார் இன்னொருவர். "கார்னர் கொடியைத் தள்ளி நட்டாரே, அப்ப இடது கையாலதான் நட்டாரு. நான் பாத்தேன்."

அன்செல்மோ யோசித்தார். கட்டு இல்லை என்று சொன்னால் அவர் கூர்ந்து பார்க்கவில்லை என்று ஆகும். கூர்ந்து பார்க்கவில்லை என்றால் அங்கே இருந்தாரா என்ற கேள்வி வரும். "எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "எலிதாவுக்கு எப்படித் தெரியும்? அவங்க கல்யாணமே அதுக்கு அப்புறம்தானே."

அப்போதுதான் அது நடந்தது. துலியோ கோட்டை மறுபடி தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "கட்டைவிரல் மட்டும் வெளில தெரிஞ்சுது."

எல்லோரும் அவனைப் பார்த்தோம். "உனக்குத்தான் அன்னிக்குப் பொன்னுக்கு..." என்று தொடங்கிய அன்செல்மோ பாதியில் நிறுத்தினார். துலியோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, மிக மரியாதையாகக் காத்திருந்தான். கட்டு உண்டென்றால் கட்டைவிரலும் உண்டு. ஒன்றை இழுத்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடும். அன்செல்மோ எழுந்தார். யாரும் சொல்லாமலே ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதன் கீழே ஒரு அட்டையும் தொங்குகிறது. வலது கையில் கட்டுப் போட்டிருந்த நிலையில் சுர்தோ இடது கையால் இட்டது என்று அதில் எழுதி, கண்ணால் கண்ட சாட்சிகளாக மேஜையில் இருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதலில் துலியோ. மூன்றாவதாக இருப்பது என்னுடையது. அந்தச் சுவரிலேயே எங்கள் கையெழுத்துகள் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அசல்.

எங்கள் பேட்டைப் பக்கம் வந்தால் நீங்களும் உள்ளே வந்து பார்க்கலாம். அட்டையில் இன்னும் இடம் இருக்கிறது. நாம் அந்தக் கோலைப் பார்க்கவில்லையே என்று நீங்கள் தயங்க வேண்டாம். கார்னர் கொடி, வெள்ளைத் துணி சுற்றிய கை, துணிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த கட்டைவிரல் என்று இவ்வளவு நேரம் கேட்டதில் உங்களுக்கும் லேசாக ஞாபகம் வருகிறதல்லவா? அப்படியானால் பேனா அன்செல்மோவிடம் இருக்கிறது.