ஜப்பான் சினிமாப் பள்ளியின் பார்சிப்பனிக் கிளை

சினிமா எடுக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். சினிமா பார்க்கிறவர்கள் நாம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: சினிமா எடுத்தவர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று சொல்கிறவர். ஊருக்கு ஒருவர் போதும். இரண்டு பேர் இருந்தால் ஊர் தாங்காது. நியூ ஜெர்சியில் எங்கள் பார்சிப்பனிக்கு வாய்த்தவர் கிட்டுசாமி அங்கிள்.

சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வேலை கம்ப்யூட்டரில். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு புராஜெக்டுக்காக டோக்கியோ போனவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, அரை மணி தூரத்தில் இருந்த ஒரு சினிமாப் பள்ளியின் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே போகவில்லை. பள்ளிக்கு லீவு. வாட்ச்மேன் குனிந்து வணக்கம் சொன்னாராம். அங்கிளுடைய சினிமாப் படிப்பு அவ்வளவுதான். அன்றிலிருந்து அது "நம்ம ஸ்கூல்".

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு பேஸ்மெண்டில் படம் போடுவார். பன்னிரண்டு சாய்வு நாற்காலி, சுவர் முழுக்கத் திரை, ஓரத்தில் கண்ணாடி போட்ட அந்த வாசல் போட்டோ. படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்துவார். ஏன் நிறுத்துகிறார்? கேமரா அசையாததை நமக்குக் காட்ட. கேமராவும் அசையவில்லை, இப்போது படமும் அசையவில்லை, என் அம்மா தூங்கியே விட்டாள்.

"இந்த டைரக்டர் யாருங்கறீங்க? நம்ம ஸ்கூலு. எண்பத்தெட்டு பேட்ச். அதே பேட்ச்ல இன்னொருத்தர் பிரான்ஸ்ல பிரைஸ் வாங்கினாருங்க. அவருக்கு ஜூனியர்..."

மற்ற அங்கிள்கள் யார் வீட்டுப் பையனுக்கு எந்த யூனிவர்சிட்டியில் சீட்டு கிடைத்தது என்று ஒப்பிக்கிறார்கள் அல்லவா, அதே ராகம், அதே மூச்சு. சீனியர், ஜூனியர், ரேங்க், பிரைஸ். படத்தில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நான் ஒரு தரம் கேட்டேன். "அங்கிள், யாகிசோபான்னு ஒரு டைரக்டர், தொண்ணூத்தொண்ணு பேட்ச். பாத்திருக்கீங்களா?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓ, யாகிசோபா! ஆரம்பத்துல கொஞ்சம் ராவா இருந்தாருடா கண்ணு. அப்பறம் மெச்சூர் ஆயிட்டாரு."

யாகிசோபா என்பது ஸ்கூல் விட்டு வரும்போது நான் வாங்கித் தின்னும் நூடுல்ஸ்.

சரி, போகட்டும். அவர் கண் கலங்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்த ஒருவர் மூன்று வருஷம் மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்கினாராம், அப்புறம்தான் முதல் படமாம். "தூக்கினாருங்க! பனியில! அதுதாங்க கலை!" என்று கைக்குட்டையை எடுப்பார். அடுத்தவன் வீட்டுப் பட்டினியைப் போல ருசியானது வேறு என்ன இருக்கிறது? அதைத் தொட்டுக்கொள்ள மாடியிலிருந்து மினி இட்லி வரும்.

அந்த இட்லியை அனுப்புவது கலாவதி ஆன்ட்டி. படம் போடத் தொடங்கிய இந்த ஆறு வருஷத்தில் ஒரு படத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. அதைக் கவனித்தது அவருடைய மகள் பிரீத்தி ஒருத்திதான். சமையலறை மூலையில் போனை நிறுத்திவைத்து, கீழே கைதட்டல் கேட்கக் கேட்க அம்மா தனியாகப் பாத்திரம் தேய்ப்பதை இருபது நிமிஷம் அசையாமல் படம் பிடித்தாள். பிடித்து எங்கே அனுப்பினாள்? அப்பாவின் பள்ளிக்கு. பள்ளி என்ன செய்தது? சீட்டுக் கொடுத்தது.

கிட்டுசாமி அங்கிள் குதித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"கம்ப்யூட்டர் சயின்ஸ் முடி கண்ணு. அப்பறம் ஹாபியா வெச்சுக்கோ" என்றார்.

பெற்றோரில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் திங்கள் மாலை ஐந்துக்குள் ஈமெயிலில் ஜப்பானுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற தைரியம் இந்த இனத்துக்குக் கிடையாது. "திங்கக்கெழம சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார். அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே அதிகாலை மூன்று. இருபது வருஷமாக நான்கு நாட்டுக்காரர்களோடு மீட்டிங் வைக்கிற மனுஷனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

பிரீத்தி இதை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, அவர் படத்தை நிறுத்திவிட்டுப் பட்டியலைத் தொடங்கியதும் கை தூக்கினேன்.

"அங்கிள், இந்த ஏப்ரல் பேட்ச்ல யாருன்னு சொல்லவே இல்லயே? பிரீத்திக்கு சீட் கிடைச்சிருக்காமே?"

பன்னிரண்டு நாற்காலியும் நிமிர்ந்தன. கைதட்டல். என் அம்மாவே விழித்துத் தட்டினாள். "கங்கிராட்ஸ் கிட்டு!" என்று வேலுமணி அங்கிள் அவர் முதுகில் அறைந்தார். பேஸ்மெண்ட் படியில் பிரீத்தி தாளோடு நின்றிருந்தாள்.

"அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் சைன் இட்."

"அதில்ல கண்ணு... அங்க போயி சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"மீன் பெட்டி தூக்குவேன்" என்றாள், தமிழில்.

அங்கிள் ரிமோட்டைப் பார்த்தார். இந்த நிமிஷத்தை நிறுத்த அதில் பொத்தான் இல்லை. அப்போது இட்லித் தட்டோடு இறங்கி வந்த கலாவதி ஆன்ட்டி, தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்தவங்கள்ல ஒருத்தர் போட்டாப் போதும்னுதானே இருக்குது? எங்க போடோணும், காட்டு சாமி."

"கலா, நீ எதுக்கு..."

"நீங்க படத்தப் போடுங்க."

ஆன்ட்டி கையெழுத்தைப் போட்டுவிட்டார். தமிழில், முழுப் பெயரையும்.

அங்கிள் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த மாதம் என்ன நடந்தது தெரியுமா? பத்தாவது நிமிஷம் படம் நின்றது. "எண்பத்தெட்டு பேட்ச்ல ரெண்டு பேரு. தொண்ணூத்தொண்ணுல யாகிசோபா. இந்த ஏப்ரல்ல, நம்ம பிரீத்தி. நாந்தானுங்க அனுப்பி வெச்சேன்." கைக்குட்டையும் வந்தது. இந்தத் தடவை அதைத் திரும்ப மடித்து வைக்க அவருக்குக் கொஞ்சம் நேரமானது. அதற்காக நான் அவரை மன்னிக்கப்போவதில்லை.

கைதட்டியவர்களை மட்டும் சும்மா விடுவதா? கையெழுத்துப் போட்ட அன்றைக்குக் கார் ஏறி, பெல்ட் மாட்டி, தெரு திரும்புவதற்குள் என் அம்மா சொன்னாள்: "நல்லவேள, நீ இந்த மாதிரியெல்லாம் ஆரம்பிக்கல." பன்னிரண்டு நாற்காலிக்காரர்களின் காரிலும் இதேதான் பேசியிருப்பார்கள்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். பிரீத்தி செய்தது சரிதான் என்று இவ்வளவு நேரம் தலையாட்டிக்கொண்டே படித்தீர்கள். மெல்ல மாடியேறி, சாத்தியிருக்கும் அந்த அறைக்குள் உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து, இன்னொரு தரம் தலையாட்டுங்கள் பார்க்கலாம்.