செவ்வரத்தஞ்செடிக்குள் ஒரு பெட்டி

வாயைத் திறந்து சொன்னால் விளக்கு எரிகிற வீடுகள் இப்போது வந்துவிட்டன. வாசலில் யார் நிற்கிறார்கள் என்று வெளிநாட்டில் இருந்துகொண்டே கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். யாராவது அதைப் பற்றிப் பெருமை பேசினால் நான் மெதுவாக எழுந்து பிளேன்டீ ஊற்றப் போய்விடுவேன். மாத்தளை மாவட்டத்தில் அப்படியொரு வீட்டை உண்டாக்க முதன்முதலில் புறப்பட்டவள் நான்தான் என்பது என் பணிவான நம்பிக்கை. முதன்முதலில் மண்ணைக் கவ்வியவளும் நானே.

நடந்தது எண்பத்தாறில். எனக்கு இருபத்தொரு வயது. ரேடியோ திருத்தும் வகுப்பொன்றில் ஒரே பெண்பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மாதப் படிப்பில் ஆறு மாதம் முடிந்திருந்தது. (மின்சாரத்தைப் பற்றி எல்லாமே தெரிந்துவிட்டது என்று தோன்றுவது சரியாக அந்த ஆறாம் மாதத்தில்தான். ஏழாம் மாதத்தில் தெளிந்துவிடும்.)

எங்கள் வீடு அலுவிகாரையில், பெரிய ரோட்டை ஒட்டி இருந்தது. சமையல் நடக்கிற குசினி மட்டும் பின்பக்கக் கோடியில். அப்பா ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா சுமதி பள்ளிக்கூட டீச்சர். அம்மா, எண்பத்துமூன்றுக் கலவரத்தில் பக்கத்து வீட்டின் பின்னறையில் எங்களோடு நான்கு நாள் ஒளிந்திருந்துவிட்டு வந்த பிறகு, கேட்டைத் தாண்டி வெளியே போவதையே நிறுத்திவிட்டார். கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். கேட் கொளுக்கி சத்தம் போட்டால் கையில் இருப்பது எதுவோ அது கீழே விழும். அப்படி நல்ல கோப்பைகள் பல போயின.

கேட்டைத் திறக்காமலே, வந்திருப்பது யார் என்று அம்மா தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் என் திட்டம். கேட்டில் ஒரு பெட்டி, குசினியில் ஒரு பெட்டி, நடுவில் வயர். சாப்பாட்டு மேசையில் படம் வரைந்து விளக்கினேன்.

"கயித்துல ஒரு மணியக் கட்டிவிட்டா பத்தாதாடி?" என்றாள் அக்கா.

"மணி அடிச்சா யாருன்னு தெரியுமாக்கா? ஆள் வந்துருக்குன்னு மட்டுந்தான் தெரியும்."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். "நம்ம ரோட்டக் கேக்க முடியும்னா, ரோட்டு நம்மளக் கேக்காதா?"

"அதெல்லாம் ஒருவழிப் பாதைங்கப்பா. மேல இருந்து தண்ணி கீழதானே வரும்?"

அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். இயந்திரங்களோடு முப்பது வருடம் இருந்த மனிதரை ஆறு மாதப் படிப்பு வாயடைக்க வைத்தது என்று நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! (அப்பாவைச் சொல்லவில்லை.)

பெட்டிக்கு முன்னோட்டமாக ஒரு விளக்குச் செய்தேன். வெளிச்சத்தை உணரும் சின்ன வில்லையொன்றை வைத்து, இருட்டினால் தானாக எரியும் வாசல் விளக்கு. பொழுது சாய்ந்தது, விளக்கு எரிந்தது, அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நொடி அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. வில்லையை விளக்குக்கு நேர் கீழேயே பொருத்தியிருந்தேன். எரிந்தால் விடிந்துவிட்டதென்று நினைத்து அணையும், அணைந்தால் இருட்டிவிட்டதென்று நினைத்து எரியும். அந்த நாட்களில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் என்ன ஆகும்? இரண்டு பொலிஸ்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். யாருக்குச் சிக்னல் கொடுக்கிறாய் என்று கேட்டார்கள்.  தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி வில்லையைக் காட்டினேன். மூத்தவர் தன் தொப்பியைக் கழற்றி அதை மூடினார். விளக்கு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மூடினார், எடுத்தார். கால் மணி நேரம் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே விளையாடினார். போகும்போது, நல்லது மகள், ஆனால் இதைக் கழற்றிவிடு என்றார். நானும் பேசாமல் கழற்றிவிட்டேன்.

பெட்டி மட்டும் முதல் நாளே வேலை செய்தது. கேட் ஓரத்துச் செவ்வரத்தஞ்செடிக்குள் ஒரு ஸ்பீக்கரை, மழை படாமல் பால்மா டின்னுக்குள் வைத்துக் கட்டினேன். கேட் தூணில் ஒரு மணிப் பொத்தானும் பொருத்தினேன். குசினிச் சுவரில் இன்னொன்று, அதோடு சுவிட்ச் போல ஒரு நெம்பு. ஒரே ஸ்பீக்கர்தான் காதும் வாயும். நெம்பைச் சும்மா விட்டால் கேட்டுப் பெட்டி காதாக இருக்கும், அங்கே பேசுவது குசினியில் கேட்கும். நெம்பை அழுத்தினால் அதே பெட்டி வாயாகிவிடும், குசினியில் பேசுவது கேட்டில் கேட்கும்.

முதல் தடவை அதை இயக்கியபோது அம்மாவின் முகத்தில் கண்டதை நான் இன்றுவரை வேறெங்கும் கண்டதில்லை. தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸின் ஹார்ன் எங்கள் குசினிக்குள் வந்தது. விகாரைப் பக்கமிருந்து மணியோசை வந்தது. ரோட்டில் போன இரண்டு பெண்கள் போஞ்சிக்காய் விலையைப் பற்றிச் சிங்களத்தில் பேசிக்கொண்டது வந்தது. அம்மா அரிவாள்மனையை அப்படியே வைத்துவிட்டு, சுவரோடு காதை ஒட்டி வைத்து நின்றார்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு," என்றார். மூன்று வருடமாக அவர் கேட்காத ரோட்டு அது.  ஒரு டின்னும் கொஞ்சம் வயரும் இதைச் செய்யுமா என்று நானே மலைத்து நின்றேன். அந்த மலைப்போடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

அந்த மாதமே அக்காவைப் பெண் பார்க்க ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சிவலிங்கம், மலைப்பக்கத் தபாற்கந்தோர் ஒன்றில் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவர். இது நான்காவது வரன். முந்திய மூவரும் வந்து, வடை தின்று, அக்காவின் தடித்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "லெட்டர் போடுறோம்" என்று எழுந்து போனவர்கள். ஒரு லெட்டரும் வரவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அக்கா இரண்டு நாள் எங்களோடு பேசவே இல்லை. இந்த முறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் முடிவு.

சனிக்கிழமை. ராகு காலம் பத்தரைக்கு முடியும், பத்தே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தோம். குசினியில் அம்மாவின் இரண்டு கையும் கடலைமா. மணிப் பொத்தானை அவர்கள் அமுக்கியதும், "வாங்க வாங்க" என்று பெட்டி அவர்களை வரவேற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மாக்கையோடு அம்மா நெம்பை எப்படி அழுத்துவார்? உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து நெம்பை அழுத்திக் கவ்வ வைத்தேன். இனி யாரும் எதையும் தொடத் தேவையில்லை. எல்லாம் தானாகவே நடக்கும். என் அறிவை நினைத்து எனக்கே பிரமிப்பாக இருந்தது.

பத்து மணிக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது எங்களுக்குத் தெரியாது. புதுத் திரைச்சீலைகளை முழுக்க இழுத்து விட்டிருந்தோம். நல்ல குடும்பம் என்ன செய்யும்? ராகு காலத்தில் படியேறாது. மணியடித்தால் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் எழுந்து வந்து வரவேற்க வேண்டி வருமே என்று மணியும் அடிக்காது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் மூவரும் இறங்கி, கேட்டுக்கு வெளியே, செவ்வரத்தை நிழலில் அரை மணி நேரம் மரியாதையாக நின்றார்கள். செடிக்குள்ளிருந்து எங்கள் குசினி பேசிக்கொண்டிருந்தது.

"கேசரிய யாரு கிண்டினதுன்னு கேட்டா சுமதின்னு சொல்லணும், வெளங்குதா?" இது அம்மா.

"அவ கிண்டினத நாய்க்கு வச்சாச்சே. அதுவும் திங்கல," இது நான்.

"அந்த மாமன்காரரு நல்லா சாப்புடுவாராம், புரோக்கர் சொன்னாரு. ரெண்டாவது தட்டு வடைய அலுமாரிக்குள்ள வைங்க. நமக்கு மிஞ்சாது," இது அப்பா.

பிற்பாடு தெரிந்தது, இந்த இடத்தில் தாய்மாமன் செடிக்குள் குனிந்து, "ஏங்க, நாங்க இங்கதாங்க நிக்கிறோம்" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பாவம், நல்ல மனிதர். ஆனால் வாயாக இருக்கும்போது அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. வேனுக்குள் போய் உட்காரலாம் என்று அடுத்தபடியாக யோசித்தார்களாம். அதற்குள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, நான் கண்ணாடியோடதான் வருவேன்."

"ஒரு பத்து நிமிசந்தானேடி. டீயக் குடுத்துட்டு வந்து போட்டுக்க."

"கண்ணாடி இல்லாம எனக்கு ஆளே தெரியாதும்மா. யாருக்கு டீ குடுக்குறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? மூணு பேரு வந்து என்னய நல்லா பாத்துட்டுப் போனாங்க. பிடிக்கலன்னுகூட ஒரு வார்த்த சொல்லல. இவரு நல்ல மனுசனா இருந்தா கண்ணாடியோட சேத்துப் பாக்கட்டும். இல்லன்னா வந்த வேன்லயே போகட்டும். பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள நான் போகமாட்டேன்."

 அம்மா அழுதார். மாக்கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணீரைத் துடைக்க முடியாமல் அழுதார்.

"கேட்டு சத்தம் கேட்டாலே எனக்கு உசிரு போயி உசிரு வருதுடி. மறுபடி ஏதாச்சும் நடந்தா உங்க ரெண்டு பேரயும் இழுத்துக்கிட்டு நான் எங்க ஓடுவேன்? நீ ஒருத்தியாச்சும் ஒரு எடத்துல நல்லபடியா இருக்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும். அதுக்குத்தான் கழட்டச் சொல்றேன். ஒன் கண்ணுல எனக்கு ஒரு கொறயும் இல்ல."

அக்கா கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். எனக்கு அப்போது அழுகை வந்தது. அக்காவை அந்த நிலைக்குக் கொண்டுவந்த அந்த மூன்று பேர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பத்தரை தாண்டியதும் மணி அடித்தது. "வாங்க வாங்க" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். மூவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. (மிளகாய் வதக்கிய புகை என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு மிளகாயே வதக்கவில்லை.)

அக்கா தட்டோடு வந்தாள். அடி அளந்து அடி வைத்து நடந்தாள். நேராகப் போய் தாய்மாமனின் முன்னால் நின்று, மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அவரிடம் காட்டி, டீயை நீட்டினாள். தாய்மாமன் திகைத்துப்போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை மெதுவாக எழுந்து நின்றார்.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாங்க டீச்சர்," என்றார். "நான் மட்டும் பாத்தா எப்படி? நான் எப்படி இருக்கேன்னு நீங்களும் பாக்கணுமே."

 கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. இது எப்படி இவருக்குத் தெரியும்? அம்மா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா கூரையைப் பார்த்தார்.

தாய்மாமன் தொண்டையைச் செருமினார். "அப்படியே அந்த அலுமாரிக்குள்ள இருக்குற ரெண்டாவது தட்டையும் கொண்டாந்துட்டீங்கன்னா..."

அப்போதுதான் கிளிப் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியை அக்காவின் கையில் திணித்துவிட்டுக் குசினிக்கு ஓடினேன். அது நெம்பை இறுகக் கவ்விக்கொண்டு, செய் என்று சொன்னதைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அங்கேயே, எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூமி பிளந்தால் உள்ளே போக நான் தயார். அக்காவின் வாழ்க்கையை ஒரு உடுப்புக் கிளிப்பால் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா குசினிக்குள் வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பின்னாலேயே ஓடிவந்த என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தோட்டத்துலயும் அந்த வருசம் நாங்க தேயிலைக்குள்ளதாங்க படுத்துக் கெடந்தோம்," என்றார். "எனக்கும் நாய் கொரைச்சா இன்னும் கை நடுங்கும். யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்க மகள நான் பாத்துக்குறேன். நீங்க பயப்படாதீங்க."

 அம்மா மாக்கையோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தம்மாவின் காஞ்சிபுரச் சேலை அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் உதவவில்லை என்று கேள்வி.

முன்னறையில் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாக, பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பார்த்தாள் என்று அப்பா பிறகு சொன்னார். பார்த்து முடித்துவிட்டு, "கேசரி நான் கிண்டினது இல்லைங்க" என்றாளாம். "தெரியும், நாயும் திங்கல" என்றாராம் அவர். லெட்டர் போடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. தை மாதத்திலேயே நாள் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் புறப்பட்டபோது எனக்கு முகம் காட்ட வெட்கமாக இருந்ததால் குசினியிலேயே பதுங்கிவிட்டேன். கிளிப் இல்லாததால் பெட்டி மறுபடி காதாகியிருந்தது. வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதன் பின்னால், லொறியொன்றின் இரைச்சலுக்கு நடுவில், "பாத்துப் போங்க, போய்ச் சேந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று ஒரு குரல் வந்தது. அது என் அம்மாவின் குரல். ரோட்டிலிருந்து வந்தது. கேட்டைத் தாண்டி, வேன் வரைக்கும் போய் நின்றிருக்கிறார். மூன்று வருடத்துக்குப் பிறகு. அந்த டின்னிலிருந்து அவர் குரல் வருவதைக் கேட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். 

சிவலிங்கம் அத்தான், வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்காத மனிதர் என்று பெயர் எடுத்தவர். கல்யாணத்துக்கு முந்திய அந்த அரை மணி நேரம் மட்டும் கணக்கில் வராது என்பார். அந்தப் பெட்டியை மழையும் எறும்பும் தின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அவர் நேராக உள்ளே வருவதில்லை. பிள்ளைகளையும் அக்காவையும் முன்னால் அனுப்பிவிட்டு, செவ்வரத்தஞ்செடிப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு கேட்டில் நிற்பார். உள்ளிருந்து அக்கா கத்துவாள்: "வாங்க உள்ள, இன்னைக்கு உங்களப் பத்தி நாங்க ஒன்னும் பேசல!"

"அதனாலதான் நிக்கிறேன்," என்பார் அத்தான். "இனிமேத்தானே ஆரம்பிப்பீங்க."