தாசில்தார் சிலுப்பவில்லை

தாது வருஷம் ஆடி மாதம் 22ந் தேதி,
திருவாதவூர்.

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியாய்ச் சீரும் சிறப்புமாய் இருக்கும் என் மச்சான் முத்திருளன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் சிவனாண்டி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். தங்கள் தங்கை செல்லத்தாய் சுகம். உழவு மாடு இரண்டும் சுகம். ஆடும் சுகம். ஆடு ஏன் சுகமாயிருக்கிறது என்று தாங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் செல்லத்தாய் நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்து, காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்திரிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும், வைத்தியர் கையை விரித்ததும், தங்கை பிழைத்தால் கண்மாய்க்கரைக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாகத் தாங்கள் அங்கிருந்தே நேர்ந்துகொண்டு, ஆட்டுத் தரகு பார்க்கும் சோணைமுத்து மூலமாய் ஒரு கிடாக்குட்டியை வாங்கி அனுப்பியதும் தாங்கள் அறிந்ததே. அந்தக் குட்டி வந்த அன்றைக்கே அவள் தலைமாட்டில் இருந்த கஞ்சியைக் குடித்தது. மூன்றாம் நாள் கொடியில் கிடந்த கண்டாங்கிச் சேலையை, அதான் தாங்கள் எடுத்துக் கொடுத்தது, முந்தானையிலிருந்து மென்று தின்ன ஆரம்பித்தது. "அட நாசமாப் போறவனே, எங்கண்ணன் எடுத்த சேலைடா!" என்று ஒரு சத்தம். பார்த்தால் மச்சான், செல்லத்தாய் எழுந்து நிற்கிறாள்! கையில் விளக்குமாறு! வாசல் வரைக்கும் விரட்டிப் போய் நிலைப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள், அப்புறம் சிரித்தாள். நான் உரலுக்குப் பக்கத்தில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அதற்கப்புறம் அது அடித்த கூத்தை எழுத இந்தக் காகிதம் பத்தாது. எந்த வீட்டிலும் கேட்காமல் நுழைந்து, தாடியை ஆட்டி, பானை பானையாய் மோந்து பார்ப்பதால் ஊரே அதற்குத் தாசில்தார் என்று பேர் வைத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாயக்காள் மகளுக்குப் பரிசம் போட வந்த தட்டில் ஒரு கவுளி வெற்றிலையையும் தின்றுவிட்டு, சம்பந்திமார் நடுவில் உட்கார்ந்து அசைபோட்டது. அவர்களிடம் நான் கையெடுத்துக் கும்பிட்ட கும்பிடு எம்புட்டு! வைக்கோற்போர் வழியாய்க் கூரை ஏறி, பின்பக்கத்தை மேய்ந்து, இப்போது அடுப்படியில் வெயில் அடிக்குது, மழை பெய்யுது, எல்லாம் நடக்குது. இந்தச் சனியனை எப்போடா வெட்டுவோம் என்று ஊரில் என்னை மாதிரி காத்திருந்தவன் எவனும் இல்லை. இது சத்தியம்.

ஆடி பிறந்தது. செல்லத்தாய், "நேந்தது நேந்ததுதான, வேற என்ன செய்ய" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள். கஞ்சியும் வேண்டாம் என்றாள். ஆனாலும் சாமி காரியம் ஆச்சே. வெள்ளிக்கிழமை காலையில் அதன் கழுத்தில் பூமாலை போட்டுக் கூட்டிப்போனோம். போகிற வழியிலேயே மாலையைத் தின்றுவிட்டது.

பூசாரி வெள்ளைத்துரை மஞ்சத்தண்ணியைத் தலையில் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தானே சாமி உத்தரவு, அப்புறம்தானே அரிவாள்? இது சிலுப்பவில்லை மச்சான். ஒரு குடம் ஊற்றியாச்சு, ரெண்டு குடம், மூணு குடம். கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்குது. "காதுல ஊதுங்கப்பா!" என்கிறான் ஒருத்தன். "சிலுப்புடா தாசில்தாரு!" என்று நானே தொண்டை கிழியக் கத்தினேன். அது நாக்கை நீட்டி மூக்கில் வடிந்த தண்ணியை நக்குது. கடைசியில் பூசாரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "கருப்பனுக்குச் சம்மதமில்லப்பா. ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். செல்லத்தாய் அங்கேயே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மத்தியானம் ரெண்டு கும்பாக் கஞ்சி குடித்தாள்.

தாங்கள் கிடா அனுப்பியிருக்காவிட்டால் இன்றைக்கு என் வீட்டில் அடுப்பெரியாது மச்சான். இந்தப் புண்ணியத்தை நான் ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மலைக்குளிரில் காதுக்குத் துண்டு கட்டிக்கொள்ளவும். கருப்பசாமி தங்களை நூறு வயசு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சிவனாண்டி

பின்குறிப்பு: மேலே உள்ளது செல்லத்தாய்க்குப் படித்துக் காட்டியது. இது தங்களுக்கு மட்டும். ஆனி மாதம் முழுக்க, தினம் கமலையில் தண்ணி இறைக்கப் போகும்போது, தாசில்தாரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணி ஊத்துனது நான்தான். சிலுப்பாம நின்னா ஒரு துண்டு கருப்பட்டி. இருபது நாளில் கற்றுக்கொண்டது. சாமியை ஏமாத்திட்டேன் மச்சான், ராத்திரி தூக்கம் வரலை. கோவம்னா என் மேல வரட்டும், அவ மேல வேணாம். அதனால் தாங்கள் ஊருக்கு வரும்போது வேறொரு கிடா வாங்கி நேர்த்தியைத் தீர்த்துவிடவும். ஒரே ஒரு வேண்டுதல்: அதை நேரே கோவிலுக்கே ஓட்டிப்போகவும். நம்ம வாசப்படியை மிதிச்சிருச்சுன்னா, மறுபடியும் நான்தான் தண்ணி ஊத்தணும்.