உன் ஊசியை எனக்கு அனுப்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், என் குடலைத் தவிர. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு ஒரே குடல்நோய், ஒரே மருந்து. வெளிநாட்டில் இருக்கும் உனக்கு மட்டும் அது குளிர்பெட்டியில் வாசலில் வந்து இறங்குகிறது, மறுநாள் நர்ஸ் போன் செய்து விசாரிக்கிறாள், எனக்கோ ஒரு ஊசியின் விலை நான்கு மாதச் சம்பளம். இது ஏன்? கல்லூரியில் இருபத்து மூன்று வருடம் புள்ளியியல் நடத்தியவளுக்கு விடை தெரியவில்லை.

நீ கொடுத்தனுப்பிய ஊசி வந்து சேர்ந்தது. உன் ஆபீஸ் நண்பர் பெட்டி படுக்கையோடு நேராக வீட்டுக்கே வந்து, "மேடம், ஜில்லுனே இருக்கணும்னு உங்க தம்பி சொன்னார். விடுவேனா? வழியில ஹோட்டல் ஃப்ரீசர்ல வச்சுக் கல்லு மாதிரி கொண்டாந்திருக்கேன் பாருங்க!" என்று மேஜையில் தட்டிக் காட்டினார். டக் டக் என்றது. உறைந்தால் எறிந்துவிடவும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? டீ கொடுத்தேன். உன் மாமா ஊசியை உருட்டிப் பார்த்து, "ஜன்னலோரம் வெயில்ல வச்சா சரியாயிடாது?" என்றார். "அது என்ன ஈரத்துணியா?" என்றேன். போகும்போது நண்பர் சொன்னார்: "அவருக்கு வந்த ஊசிதான் மேடம். இந்த மாசம் போட்டுக்காம உங்களுக்குக் குடுத்துட்டார்." அட மடையா! முன்பொரு முறை ஊசியைத் தவறவிட்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது மறந்துபோயிற்றா?

ஆஸ்பத்திரி கமிட்டி எனக்கு ஏன் இலவசமாகத் தரவில்லை என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறாய். சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. மலிவான மாத்திரை பலிக்கவில்லை என்று நிரூபித்தால்தான் ஊசி. அதற்கு முப்பது கட்டம் போட்ட தாள் ஒன்று: ஒரு நாளைக்கு எத்தனை முறை? வயிற்று விஷயம் வெளியாள் காதில் விழக்கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பு உனக்கு ஒட்டவில்லை, எனக்கு ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்குத் தாளை வாங்கும் கவுன்ட்டரில் என் பழைய மாணவி. புள்ளிவிவரத்தைத் திருத்துவது திருட்டு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். முப்பது கட்டத்திலும் மூன்று, மூன்று என்று எழுதிக் கொடுத்தேன். 'நல்ல முன்னேற்றம், மாத்திரையே தொடரலாம்' என்று கமிட்டி எழுதிவிட்டது. உண்மையில் பதினொன்று. பாடத்தின் நடுவே நான் ஓடுவதைப் பார்த்து, மேடத்துக்கு ஏதோ பெரிய பதவி வந்திருக்கிறது, ஓயாமல் போன் வருகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: இனி எதையும் அனுப்பாதே. மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிடுவேன். அந்தக் கவுன்ட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். நீ உன் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி ஊசியைப் போட்டுக்கொள். உனக்கும் உன் மனைவிக்கும் என் ஆசி, குழந்தைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் போன் வந்துவிட்டது. "நான் சூப்பரா இருக்கேன்க்கா" என்றாய். பத்து நிமிடத்தில் நான்கு முறை "ஒரு நிமிஷம்க்கா" என்று எழுந்து ஓடினாய். நான் எண்ணினேன்.

இன்று காலை கவுன்ட்டருக்குப் போய், முதல் தாளில் பொய் எழுதினேன், புதிய தாள் வேண்டும் என்றேன். மாணவி குரலைத் தாழ்த்தி, "மேடம், எத்தனைன்னு காதுல சொல்லுங்க போதும்" என்றாள். வகுப்பில் பேசும் குரலில் "பதினொன்று" என்றேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் புதிய தாளில் முத்திரை குத்திக் கொடுத்தாள். இன்றிலிருந்து மறுபடி முப்பது நாள் எழுத வேண்டும், அப்புறம் ஆறு வாரத்தில் பதில் வருமாம். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "பேனா இருக்காம்மா?" என்று வாங்கி, சுவரோடு தாளை வைத்து, தான் எழுதியிருந்த ஒவ்வொரு நாலுக்கும் முன்னால் ஒரு ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்தார்.