தைலம்மாளின் நூற்றுக்கு நூறு பார்வை

திருவந்திபுரம் பெருமாள் மேல் ஆணையாக, கீழே வருவதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சந்தேகப்படுகிறவர் அந்தக் கோயிலிலேயே மொட்டை போட்டுக்கொள்ளலாம். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி, ஆறே மாதத்தில், கத்தி படாமல், வெறும் சொட்டு மருந்தால் கண்புரையை ஒழித்துக் கட்டியது. முதலில் ஒழிந்தது புவனகிரி தைலம்மாளின் புரை.

தைலம்மாளுக்கு இட்லிக்கடை. புரை முற்றி, போன தையில் உப்பென்று நினைத்துச் சாம்பாரில் சோடா மாவைக் கொட்டினாள். சாம்பார் பொங்கி ரோட்டுக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். இனி ஆபரேஷன் நடந்தால் கடை, இல்லாவிட்டால் பூட்டு. "ஆராய்ச்சியில சேருங்கம்மா. ஆறு மாசத்துல மருந்து கேக்கலன்னா ஆபரேஷன் ஃப்ரீ" என்று டாக்டர் செந்தமிழ்செல்வன் சொன்னதும் கையெழுத்துப் போட்டாள்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிப்போகும். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்க வேண்டும். முதல் மாதம் இரண்டு வரியிலேயே திணறினாள். திரும்பும்போது கூட வந்த கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே தைலு, இது பரீட்சடி! பெயிலானா பேர அடிச்சிடுவாங்க. அப்புறம் ஏது ஆபரேஷனு?"

"கண்ணு தெரியலயேக்கா."

"எனக்கு மட்டும் தெரியுதா? மனப்பாடம் பண்ணு!"

டிரைவர் அய்யனார் அட்டையைச் செல்போனில் படம் பிடித்து வந்தார். அதிலிருந்து புவனகிரி வேன் மார்கழி பஜனை போலக் கிளம்பும். "க, ப, ட, ம" என்று அவர் எடுத்துக்கொடுக்க, பதினான்கு பேரும் பின்பாட்டு. மூன்றாம் மாதம் அவருக்கே செல்போன் தேவைப்படவில்லை. ஆராய்ச்சி மளமளவென்று முன்னேறியது.

ஆறாவது மாதம். சிதம்பரத்தில் மருத்துவ மாநாடு. அதற்கு வரும் பெரியவர்கள் கடலூரையும் எட்டிப்பார்ப்பார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்க வெள்ளையடிப்பு. தைலம்மாள் தரையில் போட்டிருந்த கோட்டில் நின்றாள். பரிசோதகர் ஸ்ரீமதி தலை நிமிராமல் டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள். அப்படியொரு கடமை உணர்ச்சி. டாக்டரும் கண் இமைக்காமல் அந்த டேப்லெட்டையே பார்த்தார். தைலம்மாள் எட்டு வரியையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"நூத்துக்கு நூறு! இனிமே உங்களுக்கு ஆபரேஷனே தேவையில்லம்மா."

தைலம்மாளுக்குப் பகீரென்றது. "ஐயோ டாக்டரு! எனக்கு ஒண்ணும் தெரியல. உங்க மூஞ்சியே அடுப்புப் பொகை மாரி இருக்கு."

"அது உங்க ஃபீலிங். டேட்டா பொய் சொல்லாதும்மா."

"மனப்பாடம் பண்ணிப்புட்டேன் சாமி! வேன்ல எல்லாருந்தான்!"

டாக்டர் முகம் மலர்ந்தது. "பாத்தியா ஸ்ரீமதி, ஞாபக சக்தியும் ஜாஸ்தியாயிருக்கு. அதையும் சேத்துக் குறிச்சுக்கோ."

சிதம்பரம் மாநாட்டில் ‘நோயாளியே நம் கண்’ என்ற தலைப்பில் டாக்டர் உரையாற்றினார். பொன்னாடை போர்த்தினார்கள். குணமாகிவிட்ட பதினான்கு பேரின் ஆபரேஷனும் ரத்தானது. புவனகிரி இட்லிக்கடையில் பூட்டுத் தொங்குகிறது. இவ்வளவு துல்லியமான ஆராய்ச்சிக்கு அதையெல்லாம் குறையாகச் சொல்லக்கூடாது.

ஆணையிட்ட வாயால் இதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளையடிப்பதற்காக அந்த எழுத்து அட்டையைக் கடைசிப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே கழற்றிவிட்டார்கள். அன்றைக்குத் தைலம்மாள் படித்தது வெறும் சுவரை.